குணசேகரின் குதிகாலும் என்னுடையதும்

1

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது நான் ஒரு மனிதரின் பெயரைச் சொல்வேன். குணசேகர். குதிகாலில் ஆணி ஏறுகிற மாதிரி ஒரு வலி, அதோடு சேர்ந்து இந்தப் பெயர். ஆரம்பத்தில் என் கணவர் அந்தோணி, யார் அது என்று கேட்டார். எங்கள் ஊர்க்காரர் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. இத்தனை வருடம் என்னோடு குடும்பம் நடத்தியதில் எதைத் தோண்டக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நாங்கள் இருப்பது அயர்லாந்தில், கார்க் நகரத்தில். நான் அங்கே நர்ஸ். மேடும் பள்ளமுமான ஊர். வார்டில் நடக்கிற நடை போதாதென்று ஆற்றோரமாக ஓடவும் செய்வேன். மழையிலும் ஓடுவேன். மழை விடட்டும் என்று காத்திருந்தால் அந்த ஊரில் பால் வாங்கக்கூடப் போக முடியாது. அப்படி ஓடிக்கொண்டிருந்தவளுக்கு மூன்று வருடங்களுக்கு முன்னால் வலது குதிகாலில் வலி வந்தது. வந்தது போகவில்லை.

டாக்டரிடம் நேரம் வாங்க அந்தோணிதான் போன் செய்தார். நமக்குத் தொடையில் தொடங்கி விரல்நுனி வரை எல்லாமே கால்தான். அவர்களுக்கு மேலே லெக், கீழே ஃபுட் என்று தனித்தனிச் சொல். இவர் மேலே உள்ளதைச் சொல்லிவிட்டார். பல மாதம் காத்திருந்து போனால், முழங்காலுக்கு மேலே ஜெல் தடவி ரத்தக்குழாயைப் படம் பிடித்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். குதிகால் என்றேன். அது வேறு பிரிவாம், வேறு வரிசையாம். மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். அதே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் என்பதற்காக யாரும் ஒரு அடிகூட முன்னால் விடவில்லை.

கடைசியில் பார்த்த பிசியோதெரபிஸ்ட் பெண் நல்லவள். தண்ணீர் பாட்டிலை உறையவைத்து உள்ளங்காலின் கீழே உருட்டச் சொன்னாள். எழுவதற்கு முன்பு படுக்கையிலேயே துண்டை விரல்களில் மாட்டி இழுக்கச் சொன்னாள். படிக்கட்டு நுனியில் நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்கச் சொன்னாள். ஓட்டத்தை நிறுத்திவிட்டு நீந்தச் சொன்னாள். எல்லாம் செய்தேன். நீச்சல் மட்டும் எனக்கு ஆகவில்லை. ஓடாவிட்டால் எனக்குக் கோபம் ஏறும், நீந்தி அதைக் கரைக்க முடியாது.

கிளம்பும்போது அவள் கடைசியாக ஒன்று சொன்னாள். இனிமேல் வெறுங்காலோடு ஒரு அடிகூட வைக்கக் கூடாது, வீட்டுக்குள்ளும் சரி, தெருவிலும் சரி. நான் சிரித்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டு வாங்கினேன். எந்தத் தெருவிலும் கூடாது என்று அழுத்தமாகச் சொன்னாள். அந்தத் தெரு எதுவென்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

2

திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் எங்கள் ஊர். பெயர் வேண்டாம். ஊர்க்காரர்கள் படித்தால் அவர்களுக்கே தெரியும். பஸ் நிற்கிற ரோட்டுக்கும் எங்கள் காலனிக்கும் நடுவில் ஊர்த்தெரு. அதைத் தாண்டித்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் ஏரிக்கரையைச் சுற்ற வேண்டும். ஊர்த்தெருவில் எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள். தெரு முடிந்ததும் போட்டுக்கொள்வார்கள். எங்கும் எழுதி வைத்ததில்லை. பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

நான் பதினோராம் வகுப்பு படிக்கும்போது விழுப்புரம் மைதானத்தில் ஓட்டப்பந்தயம். வெறுங்காலோடு ஓடி முதலாவதாக வந்தேன். மாநிலப் போட்டிக்குத் தேர்வான பிள்ளைகளுக்கு அங்கேயே வெள்ளை கேன்வாஸ் ஷூ கொடுத்தார்கள். நான் ஓடுவதைப் பார்க்க அப்பா வந்திருந்தார். மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, பிடுங்குகிற வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு, திண்டிவனத்தில் புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். திரும்பும்போது இரண்டு பேருக்கும் கால் தரையில் பாவவில்லை. பேசிக்கொண்டே ஊர்த்தெருவுக்குள் நுழைந்துவிட்டோம்.

பாதித் தெருவில் மாடி வீட்டு குணசேகர் புல்லட் மேல் உட்கார்ந்திருந்தார். அப்போது அவருக்கு முப்பதுகூட இருக்காது. அப்பா அவர்கள் நிலத்தில்தான் வேலை செய்தார். குணசேகர் அப்பாவின் காலைப் பார்த்தார். அப்பா உடனே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு அவர் பார்வை என் காலுக்கு வந்தது.

"தேவசகாயம், உம் பொண்ணுக்குத் தனியா சொல்லணுமா?"

நான் அசையவில்லை. திமிர் இல்லை, எனக்கு உடம்பு மரத்துவிட்டது. அப்பா குனிந்தார். நடுத்தெருவில் முட்டி போட்டு, என் ஷூவின் முடிச்சை அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது, நகத்தால் கிள்ளி இழுத்தார். அவிழ்த்து முடிக்கும் வரை குணசேகர் பல் குத்திக்கொண்டு பார்த்தார்.

மாநிலப் போட்டிக்கு நான் போகவில்லை. அந்த ஷூவை மறுபடி மாட்டவும் இல்லை. பின்னாளில் அயர்லாந்து வந்து கைக்குக் காசு வந்ததும், நான் முதலில் வாங்கியது ஷூ. அதற்குப் பிறகும் வாங்கிக்கொண்டே இருக்கிறேன். சிவப்பு, பச்சை, இருட்டில் மின்னுவது. ஒவ்வொன்றையும் மாட்டி முடிச்சுப் போடும்போது ஒரு நாள் இதோடு அந்தத் தெருவில் நடப்பேன் என்று நினைப்பேன். எதிரே குணசேகர் புல்லட்டில் உட்கார்ந்திருப்பார். மனசுக்குள் அவருக்கு வயதே ஆகவிடவில்லை நான்.

3

என் மகள் ஷெரினுக்குப் பதினைந்து வயது. அவளிடம் இந்தக் கதையை ஒரு தடவை சொன்னேன். கேட்டுவிட்டு, ஏன் போலீசைக் கூப்பிடவில்லை என்றாள். அப்போது போன் இல்லையா என்று அடுத்த கேள்வி. பிறகு, நம் வீட்டில் மட்டும் ஏன் எல்லாரும் வாசலிலேயே ஷூவைக் கழற்ற வேண்டும், என் சிநேகிதிகள் சிரிக்கிறார்கள் என்றாள். இரண்டையும் அவள் சேர்த்துக் கேட்டதில் எனக்குச் சுருக்கென்றது. அது சுத்தத்துக்காக என்றேன். வலி வந்த பிறகு நானே வீட்டுக்குள் பஞ்சு மாதிரி மெத்தென்ற செருப்போடு நடக்க ஆரம்பித்தேன். அன்றிலிருந்து அவளும் கழற்றுவதில்லை. நான் சொன்னாலும் காதில் விழாது. தமிழில் சொன்னால் கொஞ்சம்கூட விழாது.

4

போன தை மாதம் அம்மாவுக்குப் பத்தாம் வருட நினைவுப் பூசை. பள்ளிக்கூடம் என்று ஷெரின் வரவில்லை, அவளுக்காக அந்தோணியும் வரவில்லை. தனியாகப் போனேன், நீல நிறத்தில் தடித்த அடிப்பாகம் வைத்த செருப்பு ஒன்றோடு. சண்டைக்குப் போகிறவள் மாதிரிதான் போனேன்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு அப்பா வந்திருந்தார். எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார், ஆனால் நிமிர்ந்த நடை. பித்தவெடிப்பு ஓடிய அவர் பாதத்தைப் பார்த்ததும், அங்கேயே ஒரு கடைக்கு இழுத்துப்போய், குதிகால் வலிக்காரர்கள் போடுகிற பழுப்பு நிற டாக்டர் செருப்பு ஒன்றை வாங்கி மாட்டிவிட்டேன். மெத்தை மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்றார். முகம் மலர்ந்திருந்தது.

ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். நான் வரும்போதெல்லாம் போகிற ஏரிக்கரை வழியாகவே போகலாம் என்றார். என் கால் அவ்வளவு தூரம் தாங்காது, தெரு வழியாகவே போகலாம் என்றேன். நடந்தோம். ஊர்த்தெரு முனை வந்ததும் அப்பா குனிந்தார். நிமிர்ந்தபோது புதுச் செருப்பு கையில் இருந்தது. என்னுடையது என் காலில் இருந்தது.

தெருவில் ஒரு ஆள் இல்லை. பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் சென்னையிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்களாம். ஒரு பெண் போனைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள், எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. எங்கள் காலனிப் பையன்கள் எல்லாரும் செருப்போடுதான் போகிறார்கள், யாரும் கேட்பதில்லை என்று அப்பாவே சொன்னார். பிறகு நீ ஏன் கழற்றுகிறாய் என்று கத்தினேன்.

"பழக்கம்மா. நீ பிளைட்டு ஏறிப் போய்க்கினே இருப்ப. நான் இங்கதான இருக்கணும்."

எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது. இத்தனை வருடமாக ஷூ ஷூவாக வாங்கி அடுக்கியவள் நான், முடிச்சு இன்னமும் அப்பா விரலில் இருக்கிறது. அங்கேயே முடிவு செய்தேன். திரும்பிப் போவதற்குள் இந்த மனிதர் இந்தத் தெருவில் ஒரு தடவையாவது காலில் செருப்போடு நடக்க வேண்டும். தினமும் சொன்னேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன். சரி சரி என்பார். தெரு முனையில் குனிவார்.

5

பூசையன்று கோயிலில் வெறுங்காலோடு வெகுநேரம் நின்றதில் என் குதிகால் பழிவாங்கிவிட்டது. மறுநாள் எழுந்தால் தரையில் கால் ஊன்ற முடியவில்லை. அப்பா செங்கல்லை அடுப்பில் சுடவைத்து, அதன் மேல் எருக்கம் இலையை அடுக்கி, குதிகாலை வைத்து வைத்து எடுக்கச் சொன்னார். ஆவியில் கொஞ்சம் இதமாக இருந்தது. ஆனாலும் நடக்க முடியவில்லை. விழுப்புரத்தில் ஒரு எலும்பு டாக்டர் இருக்கிறார், போய்வரலாம் என்று கிளம்பினோம்.

கிளினிக் வாசலில் பலகை தொங்கியது. செருப்புகளை வெளியே விடவும். நான் வாசலில் இருந்த பெண்ணிடம் என் வியாதியே அதுதான், வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று விளக்கினேன். டாக்டரே வெறுங்காலோடுதான் இருக்கிறார் என்றாள். குதிகால் வலிக்கு வந்த கூட்டமெல்லாம் செருப்பை வெளியே விட்டுவிட்டு குளிர்ந்த டைல்ஸ் தரையில் நொண்டிக்கொண்டிருந்தது. அப்பாவும் நானும் கழற்றி விட்டு உள்ளே போனோம்.

மூலையில் தொந்தியும் நரைத்த தலையுமாக ஒருவர் வலது காலைத் தூக்கி இடது தொடையில் போட்டு, குதிகாலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து நின்றுவிட்டார். அதில்தான் எனக்கு ஆளைத் தெரிந்தது.

"என்னா தேவசகாயம், நீயும் இங்கயா? இது நர்சு பொண்ணா?" என்றார் குணசேகர். அப்பாவைவிட பதினைந்து வயது சின்னவர்.

பிறகு என்னிடம் தன் வலியைச் சொல்ல ஆரம்பித்தார். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது உயிர் போகிறதாம். நாலு அடி நடந்தால் குறைகிறதாம். உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் போகிறதாம். ஒரு வருடமாகத் தூக்கமே போச்சு, ஒரே பேஜாரு என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை. உடம்பு முழுக்கப் பரவிய சந்தோஷம் அது. தினமும் காலையில் நான் அவர் பெயரைச் சொல்கிறேன், அது போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கே இதற்கு என்ன வைத்தியம் செய்கிறார்கள் என்று அவர் கேட்டார். உறைந்த பாட்டில், துண்டு, படிக்கட்டு எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது.

"ஒண்ணும் கெடையாதுங்க. அனுபவிக்க வேண்டியதுதான்" என்றேன்.

அவரை முதலில் கூப்பிட்டார்கள். பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். எங்கள் முறை முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது என் நீலச் செருப்பு இருந்தது. அதன் பக்கத்தில் பழுப்பு நிற டாக்டர் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. ஆனால் அது அப்பாவுடையது இல்லை. நடுப்பாதத்தில் மேடு வைத்து, அளவு கொடுத்துத் தைத்தது. நிறமும் வாரும் அச்சு அசல் ஒன்றுதான். குணசேகர் அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. இருக்கிறதைப் போட்டுக்கொண்டு வாப்பா என்றால் காலை நுழைக்கவே மாட்டேன் என்கிறார். அது அவருடைய செருப்பாம், அதில் கால் வைக்கக் கூடாதாம். வெயில் கொளுத்துகிற தார் ரோட்டில் வெறுங்காலோடு, குணசேகரின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டு ஏற்றினேன். அதிலும் மடியில் வைத்துக்கொண்டார். பிடுங்கிக் கீழே போட்டேன். அப்பா குனிந்து எடுத்து மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டார்.

6

சாயந்திரம் அப்பா செருப்பை எடுத்துக்கொண்டு மாடி வீட்டுக்குக் கிளம்பினார். கதவை மறித்துக்கொண்டு நின்றேன். அப்பாவின் போனை எடுத்தேன். அதில் குணசேகரின் எண் முதலாளி என்ற பெயரில் இருந்தது. கூப்பிட்டு, செருப்பு மாறிவிட்டது, நீங்கள் போட்டிருப்பது எங்கள் அப்பாவுடையது என்றேன். அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அந்த நிமிடத்திலும் அவர் கால் அதற்குள்தான் இருந்தது என்று நினைக்கிறேன். பிறகு, காலையில் தேவசகாயத்திடம் கொடுத்தனுப்பு என்றார்.

"எங்க அப்பா வர மாட்டாருங்க. வேணும்னா நீங்க வந்து வாங்கிக்குங்க. அப்பாவோடத மறக்காம எடுத்துக்கினு வாங்க."

வருவார் என்று எனக்குத் தெரியும். அளவு கொடுத்துத் தைத்த செருப்பு இல்லாமல் அந்தக் குதிகாலோடு ஒரு நாள் தள்ள முடியாது. அது என்ன வலி என்று ஊரிலேயே எனக்குத்தான் தெரியும். ஏன் அவரை இழுக்கிறாய் என்று அப்பா மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

காலையில் காலனி முனையில் பைக் சத்தம் கேட்டது, அங்கேயே நின்றுவிட்டது. குடிநீர்க் குழாய் போட அன்று விடியும்போதே எங்கள் தெருவைக் குறுக்கே வெட்டிப் போட்டிருந்தார்கள். பைக் உள்ளே வராது. வாசல் வரை வந்து, ஹாரன் அடித்து, தன்னுடையதை வாங்கி மாட்டிக்கொண்டு போய்விடலாம் என்ற நினைப்பில் மனிதர் வெறுங்காலோடு கிளம்பி வந்திருக்கிறார். அப்பாவின் செருப்பு ஹேண்டில்பாரில் வாரோடு தொங்கியது. அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஜல்லி கொட்டிய எங்கள் தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தார்.

ஒவ்வொரு அடியையும் பார்த்தேன். முன்பாதத்தில் எடையைப் போட்டு, குதிகால் படாமல் தப்பித்து, அடுத்த கல்லில் மாட்டி உதட்டைக் கடித்தார். எந்த அடியில் எவ்வளவு வலிக்கும் என்று என் கால் எனக்குச் சொன்னது. வாசலில் வேலையாக இருந்தவர்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். குணசேகர் கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு காலனிக்குள் வருகிறார்.

அப்பா எழுந்து ஓடுவார், பாதி வழியிலேயே கொண்டுபோய்க் கொடுத்து என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வார் என்று பயந்தேன். ஓடவில்லை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் வந்து எதிரே நிற்கும் வரை குடித்தார். குணசேகர் செருப்பை நீட்டினார். அப்பா கையை நீட்டவில்லை.

"கீழ வைங்க" என்றார்.

குணசேகருக்கு வேறு வழியில்லை. தொந்தியை அமுக்கிக்கொண்டு குனிந்தார். முட்டி ஒத்துழைக்காமல், கடைசியில் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, அப்பாவின் கால் பக்கத்தில் செருப்பை வைத்தார். அவர் குனிந்திருக்கும்போது அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். என் காலைப் பார்த்தார், பிறகு முகத்தை. அத்தனை வருடமாக அவரும் மறக்கவில்லை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தன் செருப்பை மாட்டிக்கொண்டு குணசேகர் திரும்பி நடந்தார். ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று அப்பா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

7

நான் கிளம்பிய நாளில் அப்பா பஸ் ஏற்றிவிட வந்தார். என் கால் அன்று மிக மோசம். ஊர்த்தெரு முனை வந்தது. அப்பா குனிந்தார்.

பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவ்வளவுதான், இந்த மனிதரை மாற்ற முடியாது, போய்ச் சேர் என்று என்னையே திட்டிக்கொண்டேன். மாடி வீட்டு வாசலில் ஒருவர் நாற்காலி போட்டு, காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தது மட்டும் கண்ணில் பட்டது.

சரக் சரக் என்று சத்தம் கேட்டுத் திரும்பினேன். அப்பா வாரை இறுக்கிவிட்டு நிமிர்ந்திருக்கிறார். இரண்டு கையிலும் என் பெட்டிகள், காலில் செருப்பு. நாற்காலிக்காரரைத் திரும்பியும் பார்க்காமல் நடுத்தெருவில் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். பாதித் தெரு தாண்டியதும் நின்று என்னைப் பார்த்தார்.

"இன்னா நொண்டிக்கினு வர்ற? ஜல்தியா வா, பஸ்ஸு போயிடும்."

இப்போது கார்க்கில் காலையில் எழுந்து பாட்டிலை உருட்டுகிறேன், துண்டை இழுக்கிறேன், படிக்கட்டில் நிற்கிறேன். வலி குறைந்து வருகிறது. கோடையில் மறுபடி ஓடலாம் என்கிறார்கள். முதல் அடிக்கு இப்போதும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறேன். அவருக்கு எப்படி இருக்கிறது என்று அப்பாவிடம் போனில் கேட்பேன். அப்படியேதான் நொண்டிக்கொண்டிருக்கிறாராம். மருந்து ஏதாவது இருந்தால் சொல்லேன், பாவம் என்கிறார் அப்பா. லைன் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன்.